ஃபைல் சிஸ்டம் கருவிகள்: கம்பைல் செய்வதும் பேட்ச் அனுப்புவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு. டிஸ்கை ஃபார்மட் செய்வது, சோதிப்பது, பழுது பார்ப்பது, அளவை மாற்றுவது என்று இதற்கெல்லாம் லினக்ஸில் கட்டற்ற கருவிகள் இருக்கின்றன. அவற்றின் மூல நிரலை எடுத்துத் தாங்களே கம்பைல் செய்து பார்க்கவும், முடிந்தால் ஒரு திருத்தத்தை (பேட்ச்) உள்ளே சேர்க்கவும் நினைப்பவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்கள் இங்கே. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஃபைல் சிஸ்டம் கெர்னலுக்குள்தானே இருக்கிறது? அப்புறம் இந்தக் கருவிகள் எதற்கு?

மவுண்ட் ஆன, அதாவது பயன்பாட்டுக்கு இணைத்த, டிஸ்கில் படிப்பதும் எழுதுவதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வேலை. டிஸ்கில் ஃபைல் சிஸ்டத்தை முதலில் உருவாக்குவதும், கெட்டுப்போனால் சரி செய்வதும் பெரும்பாலும் வெளியே இருக்கும் கருவிகளின் வேலை. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றுக்கும் சேர்த்து இ2எஃப்எஸ்ப்ராக்ஸ். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்ப்ராக்ஸ், பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ், ஃபேட் வகைக்கு டாஸ்எஃப்எஸ்டூல்ஸ், எக்ஸ்ஃபேட்டுக்கு எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ். ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டம், தனித்தனிப் பழக்கவழக்கம்.

கெர்னலுக்கும் கருவிக்கும் இடையே ஒரு நெருக்கம் உண்டு. எக்ஸ்எஃப்எஸ்ப்ராக்ஸுக்குள் லிப்எக்ஸ்எஃப்எஸ் என்று ஒரு டைரக்டரி இருக்கும். அது கெர்னலில் உள்ள அதே நிரலின் பிரதி. அங்கே பிழை கண்டால் திருத்தம் முதலில் கெர்னலுக்குப் போக வேண்டும். பிறகுதான் இங்கே இறங்கும். இதைத் தெரியாமல் அனுப்பிய பேட்ச் அப்படியே திரும்பி வரும்.

புதிதாக வருகிறவர் எதில் கை வைக்கலாம்?

நீங்கள் தினமும் பயன்படுத்துவதில். அப்படி எதுவும் குறிப்பாக இல்லை என்றால் இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் என்பேன். அளவில் பெரியதுதான், ஆனால் அதன் சோதனைத் தொகுப்பு அருமையானது. நிரல் முழுவதும் புரியாமலே உருப்படியான வேலை ஒன்றைச் செய்து கொடுக்க முடியும். சின்னதாக, ஒரு வார இறுதியில் முழுதாகப் படித்து முடிக்கக்கூடியதாக வேண்டும் என்றால் டாஸ்எஃப்எஸ்டூல்ஸ்.

கம்பைல் செய்ய என்ன வேண்டும்?

சி கம்பைலர், மேக், பிகேஜி-கான்ஃபிக், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). இவற்றோடு அந்தந்தத் திட்டம் கேட்கும் லைப்ரரிகள். யுயுஐடி, பிளாக்ஐடி இரண்டும் சில திட்டங்களில் தலைகாட்டும். எக்ஸ்எஃப்எஸ்ப்ராக்ஸ் கூடுதலாக யூஆர்சியு, இனிஹெச் லைப்ரரிகளைக் கேட்கும். பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் சுருக்க வேலைக்கு இசட்லிப், எல்இசட்ஓ, இசட்ஸ்டாண்டர்ட் என்று நீளும். டெபியன், உபுண்டு பயன்படுத்துகிறவர்கள் ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டளையோடு தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் தேவையானவை பெரும்பாலும் மொத்தமாக வந்துவிடும். அதற்கு மூலத் தொகுப்புகளுக்கான வரி ஆப்ட் அமைப்பில் திறந்திருக்க வேண்டும்.

கிட்டிலிருந்து நேரடியாக எடுத்தால் சில திட்டங்களில் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் (கம்பைலுக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்ப்பது) இருக்காது. பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸில் முதலில் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டி அதை உருவாக்க வேண்டும். இ2எஃப்எஸ்ப்ராக்ஸில் கான்ஃபிகர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். அங்கே நல்ல பழக்கம், ‘பில்ட்’ என்று தனி டைரக்டரி போட்டு, அதற்குள் நுழைந்து, மேலே இருக்கும் கான்ஃபிகரை அழைப்பது. மூல நிரல் அழுக்காகாது; சொதப்பினால் அந்த டைரக்டரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸில் ஆவணங்களை உருவாக்க ஸ்ஃபிங்ஸ் வேண்டும். அது இல்லாமல் கான்ஃபிகர் முரண்டு பிடித்தால் ஆவணங்களே வேண்டாம் என்று சொல்லும் தேர்வு உண்டு. நிரலைத் தொடத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் கான்ஃபிகர் இல்லை என்கிறதே?

இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய ஹெட்டர் கோப்புகள் வேண்டும், அவை தனித் தொகுப்பில் இருக்கும். டெபியன் வழியில் பெயரின் முடிவில் ‘டெவ்’, ஃபெடோரா வழியில் ‘டெவெல்’. அதற்கும் மசியவில்லை என்றால் கான்ஃபிக்.லாக் கோப்பை அடியிலிருந்து மேலே படித்து வாருங்கள். திரையில் ஒரு வரியாக வந்த புகாருக்கான உண்மையான காரணம் அங்கேதான் கிடக்கும்.

முடிந்ததும் ‘மேக் இன்ஸ்டால்’ அடிக்கலாமா?

வேண்டாம். கணினி எழும்போது ஓடும் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துப் பழுது பார்க்கும் கருவி) உங்கள் டிஸ்ட்ரோ, அதாவது டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு, சோதித்துக் கொடுத்த ஒன்று. அதன் மேல் நீங்கள் நேற்று இரவு திருத்தியதைப் போட்டுவிட்டு ரூட் பார்ட்டிஷனோடு விளையாட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கம்பைல் ஆன கருவியை பில்ட் டைரக்டரியிலிருந்தே, முழுப் பாதையோடு அழையுங்கள். நிறுவல் எப்படி அமைகிறது என்று பார்க்கத்தான் வேண்டும் என்றால் டெஸ்ட்டிர் மாறிக்கு ஒரு காலி டைரக்டரியைக் கொடுங்கள். எல்லாம் அதற்குள் போய் விழும்.

யுஎஸ்ஆர்-லோக்கலுக்குள் நிறுவினாலும் ஒரு சிக்கல் பாக்கி. பாத் மாறியில் அது பெரும்பாலும் முன்னால் இருக்கும். ஆறு மாதம் கழித்து டிஸ்ட்ரோ கருவி புதுப்பிக்கப்பட்ட பிறகும் நீங்கள் அழைப்பது பழையதாகவே இருக்கும்.

புதிய பதிப்பில் ஃபார்மட் செய்த டிஸ்கைப் பழைய கணினியின் எஃப்எஸ்சிகே ஏற்க மறுக்கிறது. ஏன்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தானே கம்பைல் செய்கிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

2023இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0 இரண்டு வசதிகளைத் தானாகவே இயக்கத் தொடங்கியது: ஆர்ஃபன் ஃபைல், மெட்டாடேட்டா செக்சம் சீட். அந்தப் பதிப்பின் எம்கேஇ2எஃப்எஸ் கொண்டு உருவாக்கிய எக்ஸ்ட்4ஐப் பழைய இ2எஃப்எஸ்சிகேயிடம் (எக்ஸ்ட் வகைக்கான எஃப்எஸ்சிகே) கொடுத்தால், ‘ஃபீச்சர் சி12’ என்று தனக்குத் தெரியாத ஒன்று இருப்பதாகச் சொல்லி நின்றுவிடும். அந்த சி12தான் ஆர்ஃபன் ஃபைல். வேடிக்கை என்னவென்றால், கெர்னல் அந்த ஒரு வசதியைப் பற்றிக் கவலைப்படாமல் மவுண்ட் செய்துவிடும்.

காரணம், எக்ஸ்ட் குடும்பம் வசதிகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் வகை தெரியாவிட்டாலும் கெர்னல் படிக்கலாம், எழுதலாம். இரண்டாவது வகை தெரியாவிட்டால் படிக்க மட்டும் அனுமதி. மூன்றாவது தெரியாவிட்டால் மவுண்டே கிடையாது. ஆர்ஃபன் ஃபைல் முதல் வகை. செக்சம் சீட் மூன்றாவது வகை, ஆனால் அதைப் பல ஆண்டுகளாகவே கெர்னல் அறியும். பழுது பார்க்கும் கருவிக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. தனக்குத் தெரியாத வசதி எந்த வகையாக இருந்தாலும் இ2எஃப்எஸ்சிகே தொடாது. டிஸ்கில் இருக்கும் எல்லாமும் புரிந்தால்தான் எது சரி எது தவறு என்று சொல்ல முடியும். புரியாத கோப்பைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் யார் பொறுப்பு?

வழி உண்டு. டம்ப்இ2எஃப்எஸ் கருவியைச் சிறிய எழுத்து ‘ஹெச்’ தேர்வோடு ஓட்டினால் சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) உள்ள வசதிகளின் பட்டியல் வரும். மவுண்ட் ஆகாத நிலையில், புதிய பதிப்பின் ட்யூன்2எஃப்எஸ் கொண்டு வேண்டாததை நீக்கலாம். இன்னும் நல்லது, ஃபார்மட் செய்யும்போதே அணைத்துவிடுவது. எந்த வசதி தானாக வரும் என்பதை எம்கேஇ2எஃப்எஸ்.கான்ஃப் என்ற கோப்பு தீர்மானிக்கிறது. எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்று ஒரு சூழல் மாறி வழியாகச் சொல்லவும் முடியும்; பழைய கணினியின் கோப்பை அப்படிக் கொடுத்தால் போதும்.

சோதிக்கத் தனியாக ஒரு டிஸ்க் வேண்டுமா?

வேண்டாம், ரூட் உரிமைகூட வேண்டாம். சாதாரணக் கோப்பு ஒன்றே டிஸ்காக நடிக்கும்.

‘ட்ரங்கேட்’ கட்டளையால் 64 எம்பி அளவில் ஒரு காலிக் கோப்பை உருவாக்குங்கள். அது ஓட்டைக் கோப்பு. எல்எஸ் 64 எம்பி என்று காட்டும், டியு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று காட்டும். அதன் மேல் எம்கேஇ2எஃப்எஸ்ஸை ஓட்டுங்கள், பிளாக் அளவை 1024 என்று வெளிப்படையாகக் கொடுத்து. இந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. 1 கேபி பிளாக்கில் ஒரு குரூப்புக்கு 8192 பிளாக், அதாவது 8 எம்பி. 64 எம்பியில் எட்டு குரூப் வரும். சூப்பர்பிளாக்கின் பிரதிகள் 1, 3, 5, 7ஆம் குரூப்களில் இருக்கும். முதல் பிரதி 8193ஆம் பிளாக்கில். இதையே 4 கேபி பிளாக்கில் செய்தால் ஒரு குரூப்பே 128 எம்பி ஆகிவிடும். உங்கள் கோப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், பிரதி எதுவும் இருக்காது.

இப்போது கெடுக்கலாம். எக்ஸ்ட் சூப்பர்பிளாக் 1024ஆவது பைட்டில் தொடங்குகிறது. அதற்குள் 56 பைட் தள்ளி, அதாவது 1080இல், இஎஃப்53 என்ற அடையாள எண் இருக்கும். ஹெக்ஸ்டம்ப்பில் பைட் பைட்டாகப் பார்த்தால் 53, இஎஃப் என்று தலைகீழாகத் தெரியும். எக்ஸ்ட் எண்களைச் சிறிய பைட் முன்னே வருமாறு எழுதும். டிடி கட்டளையால் அந்த 1 கேபி மேல் பூஜ்ஜியங்களை எழுதிவிடுங்கள். ‘கான்வ்=நோட்ரங்க்’ என்பதை மறந்தால் டிடி உங்கள் கோப்பை 2 கேபியிலேயே வெட்டிவிடும், பிறகு சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

சரி, இந்தக் கோப்பை நீங்கள் கம்பைல் செய்த இ2எஃப்எஸ்சிகேயிடம் கொடுங்கள். சூப்பர்பிளாக் செல்லாது, பிரதிகளைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு அதுவே 8193ஐக் கண்டுபிடித்து வேலையைத் தொடங்கும். பிறகு ஐந்து கட்டமாகப் போகும்: ஐநோடுகளும் (ஒவ்வொரு கோப்பின் விவரப் பதிவு) பிளாக்குகளும், டைரக்டரி அமைப்பு, டைரக்டரிகளின் இணைப்பு, சுட்டு எண்ணிக்கை, குரூப் சுருக்கம். இன்னும் நுணுக்கமாகக் கெடுக்க டீபக்எஃப்எஸ் இருக்கிறது. எழுதும் முறையில் திறந்து ஒரு ஐநோடை மட்டும் துடைத்துவிட்டு, எந்தக் கட்டத்தில் எந்தச் செய்தி வருகிறது என்று பாருங்கள். இப்படி ஒரு மாலை செலவழித்தால் ஆவணங்களை நாள்கணக்கில் படிப்பதைவிட அதிகம் புரியும்.

மவுண்ட் செய்து உள்ளே பார்க்க மட்டும் ரூட் தேவைப்படும். அதற்கும் ஒரு விர்ச்சுவல் மெஷினைப் பயன்படுத்துவது நல்லது. கெட்ட இமேஜ், அதாவது டிஸ்காக நடிக்கும் கோப்பு, கெர்னலையே உறைய வைக்கலாம்.

சோதனைத் தொகுப்பை ஓட்டும் ‘மேக் செக்’ தோல்வி காட்டுகிறது. என் திருத்தம்தான் காரணமா?

முதலில் திருத்தம் எதுவும் இல்லாத மூல நிரலில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே சோதனை விழுந்தால் உங்கள் சூழலில்தான் கோளாறு. இடப் பற்றாக்குறையோ தற்காலிக டைரக்டரி இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் குணமோ காரணமாக இருக்கலாம். இந்த அடிப்படை முடிவைக் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் பக்கம் போனால் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற தனித் தொகுப்பும் உண்டு. பெயரில் எக்ஸ்எஃப்எஸ் இருந்தாலும் இப்போது எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் எல்லாவற்றையும் அதுதான் வாட்டி எடுக்கிறது.

எஃப்எஸ்சிகே 1 என்று திருப்பித் தருகிறது. அது தோல்விதானே?

இல்லை, பிழைகள் இருந்தன, திருத்தியாகிவிட்டது என்று அர்த்தம். 0 என்றால் சுத்தம், 2 என்றால் மறுபடி பூட் செய்ய வேண்டும், 4 என்றால் பிழைகள் மிச்சம், 8 என்றால் கருவியாலேயே ஓட முடியவில்லை. இவை கூட்டாகவும் வரும். பூஜ்ஜியம் இல்லாததையெல்லாம் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம்.

நிஜமான ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். எப்படித் தெரிவிப்பது?

பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்துங்கள். சரி செய்துவிட்ட டிஸ்கிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முதலில் கெட்ட நிலையை அப்படியே படம்பிடியுங்கள்.

முழு டிஸ்கையும் அனுப்பத் தேவையில்லை. இ2இமேஜ், எக்ஸ்எஃப்எஸ்_மெட்டாடம்ப், பிடிஆர்எஃப்எஸ்-இமேஜ் மூன்றும் உங்கள் கோப்புகளின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான ஜிபி டிஸ்கும் சுருக்கினால் கையில் அடங்கும் அளவுக்கு வந்துவிடும். கோப்புப் பெயர்களைக் கவனியுங்கள், அவை அமைப்பின் பகுதி. எக்ஸ்எஃப்எஸ்_மெட்டாடம்ப் பெயர்களைத் தானாகவே குழப்பிவிடும், மிகச் சிறிய பெயர்களைத் தவிர. மற்ற இரண்டிலும் அதைச் சிறிய எழுத்து ‘எஸ்’ தேர்வு கொடுத்து நீங்கள்தான் கேட்க வேண்டும். சம்பளப் பட்டியல், நோயாளி பெயர் என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இமேஜோடு கருவியின் பதிப்பு, கெர்னல் பதிப்பு, அடித்த கட்டளை, வந்த வெளியீடு முழுவதும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள். நீங்களே கம்பைல் செய்தது என்றால் எந்தக் கமிட் (கிட்டில் பதிவான மாற்றம்) என்பதையும் சொல்லுங்கள்.

முதல் பேட்ச் எதுவாக இருக்கலாம்?

என் கருத்தில் ஒரு சோதனை. கெட்ட இமேஜ் ஒன்று, அதற்குக் கருவி என்ன சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. நிரல் திருத்தத்தைப் பராமரிப்பாளர் மாற்றி எழுதக்கூடும், தூக்கியும் எறியலாம். பிழையை வெளிக்காட்டும் சிறிய இமேஜை யாரும் எறிவதில்லை.

இ2எஃப்எஸ்ப்ராக்ஸில் இதன் வடிவம் எளிது. ‘டெஸ்ட்ஸ்’ டைரக்டரிக்குள் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிறு டைரக்டரி. எஃப் என்று தொடங்கினால் எஃப்எஸ்சிகே சோதனை, எம் என்றால் எம்கேஇ2எஃப்எஸ், ஆர் என்றால் அளவு மாற்றம். எஃப் வகையில் உள்ளே சுருக்கிய இமேஜ், ஒரு வரிப் பெயர், அப்புறம் எக்ஸ்பெக்ட்.1, எக்ஸ்பெக்ட்.2 என்று இரண்டு கோப்புகள். இரண்டு எதற்கு என்றால், இ2எஃப்எஸ்சிகேயை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுகிறார்கள். முதல் முறை எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டும், இரண்டாவது முறை புகார் எதுவும் இருக்கக் கூடாது. ஒரே ஓட்டத்தில் சரி செய்ய முடியாத கருவி, தான் திருத்தியதையே தவறாகத் திருத்தியிருக்கக்கூடும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம்.

மேன் பக்கத் (கருவியின் கையேடு) திருத்தங்களும் நல்ல தொடக்கம்தான், விடுபட்ட தேர்வு ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். இடைவெளிகளை மட்டும் சீர்படுத்தும் பேட்ச்களைத் தவிர்த்துவிடுங்கள். வரலாற்றைக் குழப்புவதைத் தவிர அவற்றால் பலன் இல்லை.

செய்திகளை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இ2எஃப்எஸ்சிகேயில் செய்திகள் எல்லாம் ப்ராப்ளம்.சி கோப்பில் அட்டவணையாக இருக்கின்றன. அங்கே ‘அட்’ குறியோடு ஐ என்று இருந்தால் ஐநோட், பி என்றால் பிளாக், டி என்றால் டைரக்டரி. ஓடும்போது விரிந்துகொள்ளும். திரையில் கண்ட வாக்கியத்தைக் கிரெப்பில் அப்படியே தேடி, எங்கேயும் இல்லையே என்று குழம்புகிறவர்கள் இதனால்தான் குழம்புகிறார்கள்.

பேட்சை எப்படி அனுப்புவது?

பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸும் டாஸ்எஃப்எஸ்டூல்ஸும் கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் ஏற்கின்றன. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் வட்டாரத்தில் மின்னஞ்சல்தான் முறை: ‘கிட் ஃபார்மட்-பேட்ச்’ கொண்டு பேட்சை உருவாக்கி, ‘கிட் சென்ட்-இமெயில்’ மூலம் அந்தந்த அஞ்சல் குழுவுக்கு அனுப்புவது. உலாவி வழி மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால் டேப் எழுத்துகள் இடைவெளிகளாக மாறி, வரிகள் மடங்கி, பேட்ச் ஒட்டாமல் போகும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை ‘கிட் ஏஎம்’ கொண்டு ஒட்டிப் பாருங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பும் பேட்சின் அடியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி கட்டாயம். கமிட் செய்யும்போது சிறிய எழுத்து ‘எஸ்’ கொடுத்தால் தானாகச் சேரும். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. லினக்ஸ் கெர்னலில் 2004இல் தொடங்கிய வழக்கம். அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் எழுதியது என்றால் அனுப்புமுன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தலைப்பில் கருவியின் பெயரும் என்ன மாறுகிறது என்பதும். கீழே ஏன் மாற வேண்டும் என்பது. என்ன மாறியது என்று பேட்சே சொல்லிவிடும், ஏன் என்பதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

ஐந்து வரி பேட்சுக்கு ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

டிஸ்கிலிருந்து வரும் ஒவ்வோர் எண்ணும் பொய்யாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் இங்கே நிரல் எழுத வேண்டும். எக்ஸ்ட் டைரக்டரியில் ஒவ்வொரு பதிவும் தன் நீளத்தைத் தானே சொல்லும். அந்த நீளத்தைக் கூட்டிக்கொண்டே அடுத்த பதிவுக்குப் போக வேண்டும். கெட்டுப்போன டிஸ்கில் நீளம் 0 என்று இருந்தால்? சோதிக்காத லூப் அங்கேயே நின்று சுற்றும். பெரிய எண்ணாக இருந்தால் நினைவகத்துக்கு வெளியே போய்ப் படிக்கும். யாரோ கொடுத்த யுஎஸ்பி டிரைவ் என்றால் அது பாதுகாப்பு ஓட்டையும்கூட.

பைட் வரிசை இன்னொன்று. எக்ஸ்ட் சிறிய பைட்டை முன்னே வைக்கும், எக்ஸ்எஃப்எஸ் பெரிய பைட்டை முன்னே வைக்கும். மாற்றும் ஃபங்ஷனை மறந்துவிட்டு எழுதிய எக்ஸ்ட் நிரல் உங்கள் லேப்டாப்பில் அழகாக ஓடும், பெரிய பைட் முன்னே வரும் கணினியில் டிஸ்கைப் பாழாக்கும். பிளாக் எண்ணை 32 பிட் மாறியில் வைத்துப் பெருக்கினால் சிறிய டிஸ்கில் ஒன்றும் தெரியாது, பெரிய டிஸ்கில் எண் வழிந்து வேறு எங்கோ எழுதும். அனுப்புமுன் அட்ரஸ் சானிடைசர் போட்டு கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டினால் இவற்றில் நினைவகப் பிழைகளாவது உங்கள் கணினியிலேயே பிடிபடும்.

‘பிடிஆர்எஃப்எஸ் செக்’ ரிப்பேர் தேர்வில் 10 வினாடி எண்ணுகிறதே, ஏன்?

நிறுத்துவதற்கு வாய்ப்புக் கொடுக்கிறது. விவரம் தெரிந்தவர் சொல்லாமல் அதை ஓட்டாதீர்கள் என்று அதுவே எச்சரிக்கும். நம்புங்கள். இமேஜ் கோப்பில் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

சி தெரியாது. எனக்கு இடம் உண்டா?

உண்டு. இ2எஃப்எஸ்ப்ராக்ஸின் செய்திகள் ட்ரான்ஸ்லேஷன் ப்ராஜெக்ட் வழியாக மொழிபெயர்க்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பு அடங்கிய பிஓ கோப்பைப் பராமரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பாமல் அங்கே சேருங்கள். 32 பிட் கணினியோ, மற்றவர்களிடம் இல்லாத ப்ராசஸரோ வைத்திருந்தால், வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பில் சோதனைகளை ஓட்டி முடிவைச் சொல்வதே பெரிய உதவி.

பேட்ச் அனுப்பினேன், பதிலே இல்லை. என்ன செய்வது?

இரண்டு வாரம் பொறுங்கள். கெர்னலின் மெர்ஜ் விண்டோ (புதிய மாற்றங்களை உள்ளே சேர்க்கும் காலம்) நேரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம், ஏனென்றால் இந்தக் கருவிகளைப் பார்ப்பவர்களில் பலர் கெர்னலையும் பார்ப்பவர்கள். பிறகு அதே இழையில் ஒரு வரி நினைவூட்டல் போதும். அதற்குள் மூல நிரல் நகர்ந்திருந்தால் ரீபேஸ் செய்து (புதிய நிரலின் மேல் உங்கள் திருத்தத்தைப் பொருத்தி), வி2 என்று குறித்து, பேட்சில் வரும் மூன்று கோடுகளுக்குக் கீழே என்ன மாறியது என்று எழுதி மறுபடி அனுப்புங்கள். அங்கே எழுதுவது கமிட் வரலாற்றில் சேராது, படிக்கிறவர் கண்ணில் மட்டும் படும்.